மலையடிவாரம் – 17: கவிழ்த்த வாணலிகளின் மேல் ஒரு வீடு

பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மளிகை வாங்க வருகிறவர்கள் மலையை நிமிர்ந்து பார்ப்பதில்லை. மல்லியை உள்ளங்கையில் கசக்கி முகர்ந்து பார்ப்பார்கள். மிளகில் பொக்கு இருக்கிறதா என்று ஊதிப் பார்ப்பார்கள். கடுகு, சீரகம், வெந்தயம் என்று ஒரு வருஷத்துப் பாட்டுக்கு வாங்கி மூட்டை கட்டியதும் வந்த வழியே திரும்பிவிடுவார்கள். கிழக்கே சுவர் வைத்தாற்போல் நிற்கும் கொல்லிமலை அவர்களுக்கு மிளகு வருகிற இடம், அவ்வளவுதான்.

இன்று காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறுகிறது. சாலை இல்லாத காலத்தில் எல்லாமே தலைச்சுமைதான். மிளகும் பலாவும் வாழைத்தாரும் சும்மாட்டின் மேல் இறங்கின. உப்பும் துணியும் இரும்பும் சும்மாட்டின் மேல் ஏறின. ஏறுவதை விட இறங்குவதுதான் முழங்காலுக்குக் கொடுமை என்று மலைக்காரர்கள் சொல்வார்கள். அந்தத் தலைகளில் ஏறிய பாரங்களிலேயே விநோதமான ஒன்று 1913 வாக்கில் ஏறியது. அது ஒரு வீடு.

சென்ற இரண்டு வாரங்களாக ஏற்காட்டில் சுற்றிக்கொண்டிருந்தோம். சேலம் கலெக்டராக 1820 முதல் 1829 வரை இருந்த காக்பர்ன் காபியைக் கொண்டுவந்து நட்டதையும், அவர் கட்டிய கிரேஞ்ச் மாளிகையையும், பல்லாவரத்தில் 1863இல் கற்கோடரியைக் கண்டெடுத்த புரூஸ் ஃபூட் கடைசிக் காலத்தில் அங்கே வீடு எடுத்து வாழ்ந்ததையும் பார்த்தோம். ஃபூட்டின் மாமனார் பீட்டர் பெர்சிவல் ஆறுமுக நாவலரோடு உட்கார்ந்து பைபிளைத் தமிழாக்கியவர் என்பதும், அவர் 1882இல் கண்மூடியது ஏற்காட்டில்தான் என்பதும் பலருக்குப் புதுச் செய்தியாக இருந்திருக்கிறது. இந்த வாரம் அடுத்த மலை.

ஏற்காட்டிலிருந்து பார்த்தால் கொல்லிமலை அதிக தூரமில்லை. உயரத்திலும் பெரிய வித்தியாசம் சொல்ல முடியாது. குளிர், மழை, காபிக்கேற்ற மண் எல்லாம் இங்கேயும் உண்டு. ஆனால் கிரேஞ்ச் போன்ற மாளிகை ஒன்றும் இங்கே எழவில்லை. துரைமார் கிளப் இல்லை, ஏரியைச் சுற்றி பங்களா வரிசை இல்லை, கூர்வளைவு வைத்த கற்கோயிலும் இல்லை. ஏன்?

காய்ச்சல். கொல்லிமலைக் காய்ச்சல் என்றால் சேலம் ஜில்லா அதிகாரிகளுக்கு அடிவயிறு கலங்கும். மேலே போய் இரண்டு இரவு தங்கி வந்தவன் பத்து நாளில் நடுங்கிப் படுப்பான் என்பது அவர்கள் கண்ட நடைமுறை. 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் காணும்வரை, அது காட்டுக்காற்றின் விஷம் என்றே நம்பினார்கள். கொசு என்று தெரிந்த பிறகும் கொல்லிமலையை நம்பத் துணியவில்லை. சங்கப் பாடல்களில் வரும் கொல்லிப்பாவை, சிரித்து மயக்கி உயிரை வாங்கும் பெண் உருவம், இந்தக் காய்ச்சலின் நிழல்தானோ என்று எனக்கு வெகுநாளாக ஒரு சந்தேகம். ஆராய்ச்சியாளர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், மலையடிவாரத்தில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு வருகிற சந்தேகம் இது.

ஆக, வல்வில் ஓரி ஆண்ட இந்த மலையை வெள்ளைக்காரர்களிடமிருந்து காத்தது வில் இல்லை, கொசு. மலையின் குடிகளான மலையாளிக் கவுண்டர்கள் காஞ்சியிலிருந்து வந்த மூன்று சகோதரர்களின் வம்சம் என்று தங்கள் கதையைச் சொல்லிக்கொண்டு, நாடு நாடாகப் பிரிந்து, பட்டக்காரர் சொல் கேட்டு, சாமையும் தினையும் விதைத்துக்கொண்டு அவர்கள் பாட்டுக்கு இருந்தார்கள்.

அந்த மலைக்குள் குடியிருக்கவே வருகிறேன் என்று ஏறிய ஆங்கிலேயன் ஜெஸ்ஸி மான் பிராண்ட். அவர் கலெக்டர் இல்லை, காபித் தோட்டக்காரரும் இல்லை. இங்கிலாந்தில் 1861இல் தொடங்கிய ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்ற சிறிய, பணமில்லாத, கொள்கையில் கறாரான ஒரு சபையின் ஊழியர். 1907இல் இந்தியா வந்து சேந்தமங்கலத்தில் தங்கித் தமிழ் படித்தார். அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் மலை. மேலே வைத்தியம் பார்க்க ஒருவரும் இல்லை என்று தெரிந்திருந்தது. லண்டனில் லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஊழியர்களுக்காக நடத்திய ஒரு வருஷ வைத்தியப் படிப்பை அவர் முடித்திருந்தார். டாக்டர் பட்டம் கிடையாது. ஆனால் பல் பிடுங்கவும் புண் கட்டவும் காய்ச்சலுக்குக் கொயினா கொடுக்கவும் தெரியும்.

அவர் மணந்த ஈவ்லின் ஹாரிஸ் வேறு உலகத்துப் பெண். லண்டனில் செயின்ட் ஜான்ஸ் உட் பகுதியில் வசதியான குடும்பம். பெரிய வீடு, நல்ல உடை, கையில் தூரிகை. நீர்வண்ண ஓவியம் வரைவதில் தேர்ச்சி. ஜெஸ்ஸியை விட ஆறு வயது மூத்தவர். முப்பது கடந்த பிறகு, வீட்டார் மனம் வருந்த, மிஷன் வேலைக்கென்று கப்பலேறி வந்தார். 1913 ஆகஸ்டில் சேந்தமங்கலத்தில் இருவருக்கும் கல்யாணம். விருந்து முடிந்து புதுப்பெண் போன இடம் கொல்லிமலை. அவரை டோலியில் வைத்துத் தூக்கினார்கள், மாப்பிள்ளை நடந்தார். வழியில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்து, சேறு பூசிய கல்யாண உடையோடு இருட்டில் போய் இறங்கினார் அந்த முப்பத்து நான்கு வயது மணப்பெண். நம் ஊரில் வலது காலை எடுத்து வைத்து உள்ளே வா என்பார்கள். அன்றைக்கு எந்தக் கால் முதலில் சேற்றிலிருந்து வந்ததோ, அதுதான்.

இனி வீட்டுக்கு வருவோம். இந்த அத்தியாயமே அதற்காகத்தான்.

கீழ்நாட்டில் மரத்தை அறுத்து, இழைத்து, சட்டங்களாகவும் பலகைகளாகவும் தயார் செய்து, ஒவ்வொரு துண்டாக ஆள் தலையில் ஏற்றி மலைக்குக் கொண்டுபோய்ப் பூட்டிய வீடு அது. செங்குத்துப் பாதையில் நீளமான உத்தரத்தைத் தூக்கிப்போவதை நினைத்துப் பாருங்கள். ஒற்றையடிப் பாதை திரும்பும் இடத்தில் ஆள் திரும்பிவிடுவான், உத்தரம் திரும்பாது. முன்னால் இருப்பவன் பாறையோரம் ஒதுங்க, பின்னால் இருப்பவன் பள்ளத்தின் விளிம்பில் கால் ஊன்ற வேண்டும். வீட்டின் கதையை எழுதியவர்கள் கட்டியவர் பெயரை எழுதினார்கள். தூக்கியவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. கிரேஞ்ச் மாளிகையின் கல்லைச் சுமந்தவர்களுக்கும் அதே கதிதான் என்பதைச் சென்ற வாரம் சொல்ல மறந்துவிட்டேன்.

பெரிய வீடு என்று நினைத்துவிடக் கூடாது. சாதாரண மர வீடு. ஆனால் ஒரு தச்சன் உட்கார்ந்து யோசித்துச் செய்தது தெரியும். தரையில் நேராக உட்காராமல் கால்களின் மேல் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொரு காலின் தலையிலும், உத்தரம் உட்காருமிடத்துக்குக் கீழே, கவிழ்த்த வாணலி போன்ற ஒரு தகரத் தட்டு. கரையானுக்காக வைத்த தடை அது. கரையான் வெளிச்சத்தில் நடக்காது. மண்ணால் குழாய் கட்டி அதற்குள்ளேயேதான் ஏறும். கால் வழியாக ஏறி வந்தால் வாணலியின் உட்குழிவில் முட்டும். விளிம்பு வரை தலைகீழாகக் குழாய் கட்டி, பிறகு வெளியே வளைந்து மேலே ஏறியாக வேண்டும். அது அநேகமாக அதனால் ஆகாது. ஆனாலும் குழாய் வெளியே துருத்திக்கொண்டு தெரியும், விளக்குமாற்றால் தட்டிவிடலாம். மருந்து கிடையாது, செலவு கிடையாது. எலிக்குப் பயந்து குதிரைத் தட்டின் மேல் தானியக் கூண்டு வைக்கிற நம் வழக்கமும் இதே அறிவுதான். கொசுவுக்கு வலை. ஏற்காட்டுப் பங்களாக்களில் குளிருக்குக் கணப்படுப்பு கட்டினார்கள். இங்கே கரையானுக்கும் காய்ச்சலுக்கும் பதில் சொல்லி வீடு கட்டினார்கள். ஆங்கில வீடு என்று இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஆங்கிலேயர் குடியிருந்த கொல்லிமலை வீடு என்பதுதான் சரி.

வீட்டின் முக்கியமான பகுதி வெளி முற்றம். அங்கேதான் வைத்தியம் நடந்தது.

அந்தக் காலத்தில் மலையில் காய்ச்சலுக்கு அடுத்த தொல்லை நரம்புச் சிலந்தி. இன்றைய இளைஞர்களுக்கு அந்தப் பெயரே தெரியாது, தெரியாமல் போனது நல்லதுதான். குடிக்கிற தண்ணீரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சியோடு புழுவின் குஞ்சு வயிற்றுக்குள் போகும். ஒரு வருஷம் உடம்புக்குள் வளர்ந்து, பெண் புழு கிட்டத்தட்ட ஒரு கெஜ நீளமாகி, காலில் கொப்புளம் கிளப்பி வெளியே தலைநீட்டும். எரிச்சல் தாங்காமல் காலைக் கிணற்றுப் படியில் நனைத்தால் போதும், ஆயிரக்கணக்கான குஞ்சுகளைத் தண்ணீரில் விட்டுவிடும். புழுவை வெடுக்கென்று இழுத்தால் அறுந்துபோய் உள்ளே சீழ் வைக்கும். ஒரு குச்சியில் தலையைச் சுற்றி, தினம் கொஞ்சம் கொஞ்சமாக நாள்கணக்கில் சுருட்டி எடுக்க வேண்டும். முற்றத்தில் உட்கார்ந்து ஜெஸ்ஸி பிராண்ட் வருஷக்கணக்காக இந்த நூல் சுற்றும் வேலையைச் செய்தார். படியிறங்கிக் குடம் நனைக்கும் கிணறுகளைச் சுற்றிக் கல்சுவர் வைக்கச் சொன்னதும், தண்ணீரைத் துணியில் வடிகட்டச் சொன்னதும் அந்த அனுபவத்தில் வந்தவை. நரம்புச் சிலந்தி ஒழிந்த நாடு என்று இந்தியா அறிவிக்கப்பட்டது 2000இல்தான்.

வைத்தியத்துக்கு வந்தார்கள், பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் பிள்ளைகள் வந்தார்கள், தச்சு வேலை பழக வந்தார்கள். வேதத்துக்கு ஒருவரும் வரவில்லை. மூடி மறைக்க ஒன்றுமில்லை, ஜெஸ்ஸி மலையேறியது மதம் மாற்றத்தான். அதை அவரும் மறைக்கவில்லை. மலைக்காரர்கள் மருந்தை வாங்கிக்கொண்டு சாமியை விட்டுவிட்டார்கள், ஆறு வருஷத்துக்கு. ஊர்ப் பூசாரி கடுமையாக எதிர்த்தார். அவர் நிலையிலிருந்து பார்த்தால் எதிர்க்காமல் எப்படி இருப்பார்? அறப்பளீஸ்வரரும் எட்டுக்கை அம்மனும் காவல் காக்கிற மலையில் வெளியிலிருந்து ஒருவன் வந்து வேறு பேச்சுப் பேசினால்!

1918இல் ஸ்பானிஷ் காய்ச்சல் என்று உலகமெல்லாம் அழைத்த விஷக்காய்ச்சல் வந்தது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. மலையையும் விடவில்லை. வீட்டுக்கு வீடு ஆள் விழுந்து கிடக்க, தண்ணீர் கொடுக்கவும் நாதியில்லை. பிராண்ட் தம்பதியர் பெரிய பாத்திரத்தில் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். பூசாரியும் அவர் மனைவியும் படுத்தபோது உறவுக்காரர்கள் பயந்து எட்ட நின்றார்கள், ஜெஸ்ஸி உள்ளே போனார். சாகுந்தறுவாயில் பூசாரி தன் பெண் குழந்தையை அவரிடமே ஒப்படைத்தார். காகிதத்தில் எழுதியும் கொடுத்தார். ரூத் என்று பெயரிட்டு அந்த மர வீட்டில் குழந்தை வளர்ந்தது. முதலில் வேதத்துக்கு வந்தவர்கள் அதன் பிறகுதான் வந்தார்கள். அந்தக் கூட்டத்துக்காகத்தான் மலைமேல் வாழவந்தி என்ற ஊரில் ஜெபவீடு. கோபுரமோ மணிக்கூண்டோ எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். கட்டடக் கலைஞர் சிசோம் வரைந்து சேலத்தில் எழுந்த கிறைஸ்ட் சர்ச்சுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பாப்டிஸ்டுகளுக்கு அலங்காரம் ஆகாது. மலையில் அதற்குக் காசும் கிடையாது.

வீட்டில் இரண்டு பிள்ளைகள். மூத்தவன் பால், 1914 ஜூலை 17இல் பிறந்தவன். தங்கை கானி. தாய்தான் ஆசிரியை. பையனுக்கு நாற்காலியில் உட்கார்ந்து படிப்பது வேப்பங்காய். பலா மரத்தில் ஏறிக் கிளையில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து கணக்குப் போடுவான், முடித்ததும் தாளைக் கீழே போடுவான், தாய் திருத்துவார். லண்டன் பணக்கார வீட்டில் வளர்ந்த பெண் இதற்குச் சம்மதித்ததுதான் எனக்கு ஆச்சரியம். பிற்காலத்தில் பால் பிராண்ட் உலகப் புகழ் பெற்ற டாக்டரான பிறகு கொல்லிமலையைப் பற்றி எழுதியவற்றில் இரண்டு நினைவுகள் என்னை விட்டு அகலவில்லை.

ஒன்று சேறு பற்றியது. மலைச்சரிவில் படி படியாக அமைத்த நெல்வயலில் பையன்கள் தவளை பிடித்து, வரப்பை மிதித்துச் சேற்றைக் கலக்கிவிட்டார்கள். வயலைக் காத்துவந்த தாத்தா ஒருவர் அவர்களைக் கூப்பிட்டு நிறுத்தினார். ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குத் தெளிந்த தண்ணீர்தான் போக வேண்டும். கலங்கிப் போனால் மண் போகிறது. போன மண் திரும்பாது. இதுதான் அவர் சொன்னதன் சாரம். தலைமுறை தலைமுறையாக அந்தப் படிகளில் மண் நின்றது அப்படிப்பட்ட தாத்தாக்களால். ஒரு கைப்பிடிச் சேறு என்று பொருள்படும் தலைப்பில் பால் பிராண்ட் 1980களில் ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய பிள்ளைப்பருவ வீடு எந்த மரபுப் பட்டியலிலும் ஏறாவிட்டாலும், அந்த வயற்படிகளை அவர் ஏற்றி வைத்துவிட்டார்.

இன்னொன்று அந்த முற்றத்தில் நடந்தது. ஒரு நாள் மூன்று பேர் நடந்து வந்தார்கள். கைகால் விரல்கள் குறைந்திருந்தன. எல்லா நோயாளியையும் வெறுங்கையால் தொடும் தகப்பனார் அன்றைக்குக் கையுறை மாட்டினார். பிள்ளைகளை விலகி நிற்கச் சொன்னார்கள். புண்ணைக் கழுவிக் கட்டி அனுப்பிய பிறகும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் விளையாடக் கூடாது என்று தாயின் கட்டளை. அவர்களுக்கு வந்த நோய் தொழுநோய் என்று பையன் பிற்பாடு தெரிந்துகொண்டான்.

அந்தப் பையன் என்ன ஆனான் என்பதை வேலூர்ப் பக்கம் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1923இல் ஒன்பது வயதில் தங்கையோடு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டான். படிப்பில் மனம் ஒட்டாமல் கட்டட வேலைக்குப் போய்க் கல்லும் மரமும் பழகினான். பிறகுதான் மருத்துவம். 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். செங்கல்பட்டில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் நடத்திவந்த தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனபோது, மடங்கிப்போன ஒரு கையைப் பிடித்துப் பார்த்தார். பிடியின் வலு கண்டு திடுக்கிட்டார். சதை செத்துப்போகவில்லை, சில நரம்புகள்தான் செத்திருக்கின்றன. உயிருள்ள தசைநாணை இடம் மாற்றிக் கட்டினால் விரல் நிமிரும். விரல் உதிர்வது நோய் தின்பதால் இல்லை, வலி தெரியாததால் பட்ட காயங்களால் என்பதையும் அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் படிப்படியாக நிறுவினார்கள். கை திருந்தியவர்கள் தொழில் பழக வேலூரில் நவஜீவ நிலையம் அமைத்தபோது, பெரிய கட்டடம் வேண்டாம், அவர்கள் ஊரில் இருப்பதைப் போன்ற எளிய குடிசைகளே போதும் என்றார். கட்டட வேலை தெரிந்தவர் பேச்சு அது. 1960இல் லாஸ்கர் விருது. 2003இல் அமெரிக்காவில் காலமானார். கையுறை மாட்டிய தகப்பனாரைப் பார்த்த அந்த முற்றத்திலிருந்து வெறுங்கையால் அந்தக் கைகளைப் பிடித்தது வரையிலான தூரம்தான் அவர் வாழ்க்கை என்றுகூட எனக்குத் தோன்றும்.

தகப்பனார் அதைப் பார்க்கவில்லை. பிள்ளைகளை விட்டுத் திரும்பிய ஆறாம் வருஷம், 1929 ஜூன் 15, காய்ச்சல் அவரைக் கொண்டுபோனது. கருநீர்க் காய்ச்சல். மலேரியா முற்றி இரத்த அணுக்கள் உடைந்து சிறுநீர் கறுத்துப்போகும் நிலை. நாற்பத்து நான்கு வயது. யார் யாருக்கோ கொயினா கொடுத்தவருக்கு அது பலிக்கவில்லை. வாழவந்தியில் புதைத்தார்கள். லண்டனுக்குத் தந்தி பறந்தது. கப்பல் தபால் மெதுவாகப் போகும். தந்தி வந்து நாள்கள் கழித்து, மகனுக்கு அவர் எழுதிய கடிதங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொண்டிருந்தன. மரங்களையும் மலையையும் பற்றி எழுதியிருந்தார். பதினைந்து வயதும் நிரம்பாத பையன் அவற்றைப் பிரித்துப் படித்தான்.

இங்கே கொஞ்சம் நின்று, இப்படிப்பட்ட இடங்களை என்ன செய்வது என்பதைப் பேசவேண்டும். இங்கிலாந்தில் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு 1895இல் தொடங்கியது. இன்று அரண்மனை போன்ற மாளிகைகளை நூற்றுக்கணக்கில் வைத்திருக்கிறது. ஆனால் அது முதலில் வாங்கிய கட்டடம் மாளிகை அல்ல. சஸ்ஸெக்ஸில் ஆல்ஃபிரிஸ்டன் என்ற கிராமத்துத் தேவாலயத்தை ஒட்டிய, கூரை வேய்ந்த ஒரு பழைய மர வீடு. 14ஆம் நூற்றாண்டினது, இடியும் தறுவாயில் இருந்தது. 1896இல் பத்து பவுண்டுக்கு வாங்கினார்கள். அதன் தரை சுண்ணாம்புக் கல்லை இடித்துப் பரப்பி, புளித்த பாலை ஊற்றி இறுக்கியது. நம் கொத்தனார் கடுக்காயும் கருப்பட்டியும் சேர்ப்பார், அவர்கள் புளித்த பாலைச் சேர்த்தார்கள். அதன் மதிப்பு அதில் யார் ஆண்டார்கள் என்பதில் இல்லை. எப்படிக் கட்டினார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்பதில் இருந்தது.

நம்மிடம் சட்டங்களுக்குக் குறைவில்லை. கர்சன் காலத்தில் 1904இல் ஒன்று, 1958இல் மத்திய அரசின் சட்டம் ஒன்று, 1966இல் மாநிலச் சட்டம், 2012இல் பாரம்பரிய ஆணையத்துக்கென்று தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது ஒன்று. 1958 சட்டப்படி நூறு வயதாவது ஆகியிருக்க வேண்டும். நூறு வருஷம் நிற்பது கருங்கல். கவிழ்த்த வாணலியை எவ்வளவு கவனித்தாலும் கொல்லிமலை மழையில் மரத்துக்கு நூறு வயது என்பது பெரும்பாடு. ஆகவே பட்டியல் தானாகவே கல் கட்ட வசதியிருந்தவர்களின் பட்டியலாகிவிடுகிறது. கலெக்டர் வீடு, தோட்டத்துரை வீடு, படைத்தளபதி கல்லறை. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி 1905இல் சென்னை ராஜதானியில் இருந்த ஐரோப்பியர் கல்லறை வாசகங்களையெல்லாம் தேடித் தொகுத்தார். அருமையான உழைப்பு. இன்றைக்கும் ஆராய்ச்சியாளர்கள் அதைத்தான் புரட்டுகிறார்கள். ஜெஸ்ஸி பிராண்ட் அதில் வரமுடியாது, அவர் கப்பலேறியதே அதற்குப் பிறகு. தெற்காசியாவில் உள்ள ஐரோப்பியக் கல்லறைகளைப் பதிவு செய்வதற்கென்று லண்டனில் ஒரு சங்கம் 1976இல் தோன்றியது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் வாழவந்தியில் இரண்டாவது கல்லறை தோண்டப்பட்டிருந்தது.

அது ஈவ்லினுடையது. ஆனால் அவர் அங்கே போய்ச் சேர்ந்த வழி சுற்றுவழி.

கணவர் இறந்ததும் இங்கிலாந்துக்குப் போனவர் கொஞ்ச நாளில் திரும்பி வந்துவிட்டார். மிஷன் அவரைக் கீழ்நாட்டு வேலைகளில் வைத்தது. மலைக்கு விடவில்லை. வயதாகிறது, காய்ச்சல் பூமி என்ற அவர்கள் கவலையில் நியாயம் இருந்தது. 1947 வாக்கில், அறுபத்தெட்டு வயதில், ஓய்வு கொடுத்து ஊருக்கு அனுப்பப் பார்த்தார்கள். வழக்கப்படி விடைபெற்றுக்கொண்டார். விடைபெற்றவர் கப்பலேறவில்லை, கொல்லிமலை ஏறினார். மிஷனுக்கு இனி நான் ஊழியக்காரி இல்லையே, எங்கே போனால் உங்களுக்கென்ன என்பதுதான் அவர் வாதத்தின் சுருக்கம். கிழவியிடம் யார் வாதாடுவது?

கொல்லிமலையோடு நிற்கவில்லை. கணவரும் தானும் இளமையில் ஐந்து மலைகளுக்கும் போவதாகத் திட்டம் போட்டிருந்தார்களாம். கொல்லி, பச்சை, கல்வராயன், போதமலை, சித்தேரி. அதை ஒவ்வொன்றாக முடிக்கக் கிளம்பினார். மட்டக்குதிரையில் போனார். குதிரையிலிருந்து விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. வேலூரில் பெரிய எலும்பு வைத்தியராக இருந்த மகன் வந்து, மலையை விட்டு இறங்கிவிடுங்கள் அம்மா என்றார். கேட்கவில்லை. இரண்டு கைகளிலும் மூங்கில் கோலை ஊன்றிக்கொண்டு நடந்தார், நடக்க முடியாத இடத்தில் தூக்கிப்போகச் சொன்னார். நரம்புச் சிலந்தி உள்ள ஊர்களில் கிணற்றுச் சுவரைப் பற்றிய பழைய பாடத்தையே திரும்பத் திரும்பச் சொன்னார். பெயர் எப்போதோ ‘பாட்டி’ ஆகிவிட்டிருந்தது. அவர் வாழ்க்கையை டாரதி கிளார்க் வில்சன் 1976இல் புத்தகமாக எழுதியபோது தலைப்பும் பிராண்ட் பாட்டி என்றுதான் வந்தது.

மகன் எழுதியிருக்கும் ஒரு சேதியைச் சொல்ல வேண்டும். கடைசி இருபது வருஷம் அவர் இருந்த வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை. செயின்ட் ஜான்ஸ் உட் வீட்டுப் பெண், ஓவியம் வரைந்தவர், அழகு என்றால் என்னவென்று தெரிந்தவர். கண்ணாடி வேண்டாம் என்று அவர் முடிவு செய்தது துறவு என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கென்னவோ, அதற்கெல்லாம் நேரமில்லை என்று நினைத்திருப்பார் என்றுதான் தோன்றுகிறது.

1974 டிசம்பர் 18இல், தொண்ணூற்றைந்து வயதில் இறந்தார். வாழவந்திக்குக் கொண்டுபோனார்கள். கல்யாண உடையில் மழையில் நனைந்தபடி டோலியில் போன அதே மலைக்கு, அறுபத்தோரு வருஷம் கழித்து. நாற்பத்தைந்து வருஷமாகத் தனியாகக் கிடந்த கல்லறைக்குப் பக்கத்தில் மண்ணைத் தோண்டி வைத்திருந்தார்கள்.

(தொடரும்)